முனகும் பலகைகள்

இங்கிலாந்தின் விக்டோரியா காலத்து வீடுகளில் குடியேறுவோர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியிருப்பது அவ்வீடுகளின் ஒலிகளோடுதான். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் மாடித்தளத்தின் பலகை கிறீச்சிடும். அடுத்த அறையில் உறங்கும் குழந்தை விழித்துக்கொள்ளும். எந்தப் பலகையில் கால் வைக்கலாம், எதைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்பது நாளடைவில் வீட்டார் அனைவருக்கும் மனப்பாடமாகிவிடும். பின்பு ஒருநாள் பொறுமை தீர்ந்து, எல்லாவற்றையும் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதுத்தளம் போடலாம் என்ற எண்ணம் எழும். அந்த எண்ணத்தைச் சற்றே தள்ளிவைக்கலாம் என்பது நம் கருத்து.

அவ்வீடுகளின் மாடித்தளங்களில் சுவருக்குச் சுவர் கிடத்திய மரவிட்டங்களின் மேல் பலகைகளைப் பரப்பி ஆணி அறைந்திருப்பார்கள். வெட்டுண்டு பலகையான பின்னும் மரம் ஈரத்தை உறிஞ்சுவதையும் உமிழ்வதையும் நிறுத்துவதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது பலகை அகலத்தில் விரிகிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி அறை உலரும்போது சுருங்குகிறது. நூறாண்டுக்கும் மேலாக இப்படி விரிந்து சுருங்கியதில் ஆணியின் பிடி தளர்ந்துபோகிறது. கால் பட்டதும் பலகை தாழ்ந்து ஆணியின் மீதோ, விட்டத்தின் மீதோ, பக்கத்துப் பலகையின் மீதோ உரசுகிறது. நாம் கேட்பது அந்த உரசலையே.

ஆகவே எது எதனோடு உரசுகிறது என்று கண்டறிவதே முதல் வேலை. ஒருவர் மெல்ல நடக்க, மற்றொருவர் குனிந்து கூர்ந்து கேட்டால் இடம் புலப்பட்டுவிடும். இரு பலகைகளின் விளிம்புகள் உரசினால் இடுக்கில் சிறிது முகப்பவுடரோ கிராஃபைட் தூளோ தூவினால் போதும். பலகை விட்டத்தை விட்டு எழும்பியிருந்தால் பழைய ஆணியை மீண்டும் அறைவதால் பெரும்பயன் இல்லை. அதன் துளை ஏற்கெனவே அகன்றுவிட்டது. பக்கத்தில் ஒரு திருகாணியை இறக்கி அதன் தலை பலகைக்குள் அமிழும்படி முடுக்க வேண்டும். விட்டம் எங்கே ஓடுகிறது என்பதை ஆணித்தலைகளின் வரிசையே காட்டும். ஆனால் தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் பலகைக்கு நேர் கீழே, விட்டத்தின் மேல்முகத்தில் வெட்டிய பள்ளங்களில் ஓடுவது வழக்கம். அடியில் என்ன இருக்கிறது என்று பாராமல் துளையிடுவது ஆபத்து.

எல்லா முனகலும் ஒன்றல்ல. தளம் காலடியில் அமுங்கினாலோ துள்ளினாலோ விட்டமே மக்கியிருக்கலாம், உளுத்திருக்கலாம். கீழ்த்தளத்துப் பலகைகளுக்கு அடியில் காற்றோடுவதற்காக வெளிச்சுவரில் விட்டிருக்கும் புழைகளை, குளிர் வருகிறதென்று அடைத்துவிடுபவர்கள் உண்டு. அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பற்றுவதற்கு அது வழிவகுக்கும். அத்தகைய இடத்தில் பவுடர் தூவி ஒலியை அடக்குவது நோயை மறைப்பதாகும். அனுபவமுள்ள தச்சரை அழைத்துவிடுவதே முறை.

ஒலிக்கும் பலகைகளுக்குக் காதல்கதை புனைபவர்களும் இருக்கிறார்கள். கியோட்டோ நகரின் நிஜோ கோட்டைத் தாழ்வாரங்களில் நடந்தால் பறவை கீச்சிடுவதுபோல் ஒலி எழும். அந்நியர் நுழைவதை அறிவதற்காகவே அப்படி அமைத்தார்கள் என்ற கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. அங்கும் நிகழ்வது பலகைக்கு அடியிலுள்ள இரும்புக் கவ்விகளும் ஆணிகளும் உரசுவதுதான். கதை அழகானது; எனினும் குழந்தையின் உறக்கம் கெடும் வீட்டில் அது ஆறுதலாகாது.

பெயர்த்தெறியவும் வேண்டாம், போற்றிப் பாடவும் வேண்டாம் என்றால் எஞ்சுவது பழுதுபார்த்தல். கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மோரிஸ் 1877-இல் நண்பர்களோடு பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியது இதற்காகத்தான். புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் பழைய தேவாலயங்களைச் சுரண்டி அழித்தவர்களை அவர் எதிர்த்தார். சிதைவை அவ்வப்போதைய பராமரிப்பால் தடுக்கச் சொன்னார். தேவாலயத்துக்குச் சொன்னது தெருவோர வீட்டுக்கும் பொருந்தும். பால்டிக் கடலோரக் காடுகளிலிருந்து கப்பலேறி வந்த பைன் பலகைகள் அவ்வீடுகள் பலவற்றில் இன்னும் கிடக்கின்றன. தலைமுறைகள் நடந்து தேய்த்த அந்த மழமழப்பைக் கடையில் வாங்க இயலாது. குப்பை வண்டியில் ஏற்றியபின் மீட்கவும் இயலாது.

கட்டிலருகே முனகும் பலகையையும், குழந்தையின் அறைவாசலில் முனகும் பலகையையும் முதலில் சரிசெய்வோம். சில திருகாணிகளும் ஒரு விடுமுறைநாள் பிற்பகலும் அதற்குப் போதும். மற்றவற்றை அடுத்த குளிர்காலம்வரை விட்டுவைத்துப் பார்க்கலாம்; ஈரம் திரும்பும்போது அவற்றில் சில தாமாகவே அடங்கிவிடுவதும் உண்டு.