பட்டா இல்லாத விவசாயி

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. நல்லதுதான். ஆனால் நிலம் சொந்தப் பெயரில் இருந்தால்தான் பணம். குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்கு இல்லை. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுக்கிற பெண்ணுக்கும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாகுபடியாளர்கள் சுமார் 11.9 கோடி, விவசாயக் கூலித் தொழிலாளர்களோ 14.4 கோடி. அதிகம் பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அதற்கு விவசாயிகள் திட்டம் என்று பெயர்!

அரசுப் படிவங்களோடு காலந்தள்ளியவன் நான். படிவத்தில் கட்டம் இல்லாத ஆள், அரசாங்கத்தின் கண்ணில் ஆளே இல்லை. கூலித் தொழிலாளிக்கும் குத்தகைக்காரருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். இது சலுகையல்ல ஐயா. சோறு தின்னும் நாம் பட்ட கடன்.