அவள் அப்படிச் செய்வாளா?

தொடர்கதை படிக்கிற குடும்பங்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்த வழக்கு விசாரணைக்கு வந்தே தீரும். "அவள் போய் அவனைக் கல்யாணம் செய்துகொள்வாளா? எனக்குத் தெரிந்து அவள் அப்படிப்பட்டவளே இல்லை!" என்பாள் மருமகள். "ஏன் செய்துகொள்ளமாட்டாள்? மனுஷ மனசுதானே, மாறாதா?" என்பாள் மாமியார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரையில் வாதம் நடக்கும். தீர்ப்பு மட்டும் கிடைக்காது.

இருவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். வெள்ளம் வரலாம், ராஜ்யம் கைமாறலாம், இறந்துபோனதாக நினைத்தவன் வாசலில் வந்து நிற்கலாம். ஆனால் அதைக் கண்டு ஒரு பெண் என்ன செய்கிறாள் என்பது, நாம் அதுவரை பழகிய அவளுடைய சுபாவத்திலிருந்து பிறக்க வேண்டும். மனம் மாறுவதானாலும் மாறுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையில் வரும் வானதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அவள் தொட்டதற்கெல்லாம் மயங்கி விழுகிற பெண். ஈழத்துக்குப் புறப்படும் இளவரசருக்கு மங்கள தீபம் ஏந்தி நிற்கும்போதுகூடத் தட்டை நழுவ விட்டு மூர்ச்சையாகிறாள். அப்படிப்பட்டவள் பின்னால், தான் மகாராணியாக ஆசைப்படுவதாக ஒருத்தி குத்திக் காட்டியதும், சோழ சிம்மாசனத்தில் உட்காரவே மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். இந்தக் கோழைப் பெண்ணுக்கு இவ்வளவு வீறாப்பு எங்கிருந்து வந்தது என்று முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். பழைய அத்தியாயங்களைப் புரட்டினால் விடை அங்கேயே இருக்கிறது. அன்று தட்டை நழுவ விட்டதும் இன்று சிம்மாசனத்தை வேண்டாம் என்பதும் ஒரே அன்புதான். பெண் மாறவில்லை, அவளிடம் இருந்தது வெளியே வந்திருக்கிறது.

ஆசிரியர் விளையாட்டாகச் செய்த காரியம்கூடச் சில சமயம் பொருந்திவிடுவதுண்டு. ஆந்தனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர், பிஷப்பின் மனைவியான மிஸஸ் பிரௌடி என்ற அதிகாரக்கார அம்மாளைப் பத்து வருஷ காலம் தம் நாவல்களில் உலவ விட்டார். ஒரு நாள் லண்டனில் ஒரு கிளப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பாதிரிமார்கள், பழைய பாத்திரங்களையே இந்த மனிதர் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறாரே என்று அலுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாளைப் பற்றியும் பேச்சு வந்தது. டிராலப் எழுந்துபோய்த் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொண்டு, இந்த வாரம் முடிவதற்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்றாராம்! அப்படியே 1867-ல் முடிந்த நாவலில் அவள் இறந்துபோனாள். தம் சுயசரிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

கோபத்தில் கொன்றாரே, கதை கெட்டதா? கெடவில்லை. ஆயுள் முழுதும் மனைவிக்கு அடங்கிக் கிடந்த பிஷப், அவளால் ஊரார் முன்னே தலைகுனிவு ஏற்பட்டதும் வாய் திறந்து சொல்லிவிடுகிறார். கணவருக்குத் தான் பாரமாகிவிட்டது அவளுக்குப் புரிகிறது. தன் அறைக்குப் போகிறாள். அங்கேயே உயிர் பிரிகிறது. அவளுடைய அதிகாரமே அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது. அவளைப் பிடிக்காதவர்களுக்கும் அந்த இடத்தில் நெஞ்சு கனக்கும்.

இனி வாசகர்களுடைய பங்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் லூயிசா மே ஆல்காட் என்ற அம்மையார் 1868-ல் 'லிட்டில் விமன்' என்ற நாவலின் முதல் பாகத்தை வெளியிட்டார். நான்கு சகோதரிகளின் கதை. இரண்டாவது பெண் ஜோ, புஸ்தகப் பைத்தியம், முன்கோபி, ஆண்பிள்ளையாகப் பிறக்கவில்லையே என்று ஏங்குகிறவள். பக்கத்து வீட்டுப் பணக்காரப் பையன் லாரி அவளுக்கு உயிர்த் தோழன். போதாதா? ஜோவுக்கும் லாரிக்கும் கல்யாணம் செய்து வையுங்கள் என்று பெண்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. யாரைத் திருப்தி செய்வதற்காகவும் அதைச் செய்யப் போவதில்லை என்று ஆல்காட் தம் டைரியில் எழுதிவைத்தார். 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோ லாரியை மறுத்துவிடுகிறாள். அவன் அவளுடைய தங்கை ஏமியை மணக்கிறான். ஜோ, வயதில் மூத்த ஏழை ஜெர்மன் பேராசிரியர் ஒருவருக்கு மாலையிடுகிறாள்.

ஜோ இப்படிச் செய்வாளா? லாரியை மறுத்தது நூற்றுக்கு நூறு ஜோதான். இருவருக்கும் முன்கோபம், இருவருக்கும் பிடிவாதம், ஒத்துப்போகாது என்று அவளைப் பெற்றவளே சொல்கிறாள். முதல் பாகத்தில் ஏமி மேல் வைத்த கோபத்தை அடக்கத் தெரியாமல், அந்தக் குழந்தை பனிக்கட்டி உடைந்து ஆற்றில் விழக் காரணமானவள் அல்லவா அவள்! தன் கோபத்துக்குத் தானே பயப்படுகிறவள், தன்னைப் போன்ற இன்னொரு கோபக்காரனைக் கட்டிக்கொள்ளத் தயங்குவது இயற்கை.

பேராசிரியர் விஷயம் வேறு. ஜோ கல்யாணமே இல்லாமல் எழுத்தாளராக இருந்திருக்கவேண்டும் என்றும், வாசகிகளின் நச்சரிப்புத் தாங்காமல்தான் இந்த ஜோடியைச் சேர்த்ததாகவும் ஆல்காட் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆல்காட்டும் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பேராசிரியரிடம் ஜோவுக்கு மரியாதை உண்டாவதை நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் மாலை மாற்றுகிற இடத்தில் ஜோவின் குரலோடு வாசகிகளின் குரலும் கலந்து கேட்கிறது. 2019-ல் கிரேட்டா கெர்விக் எடுத்த படத்தில் இந்தச் சந்தேகத்தையே முடிவாக வைத்துவிட்டார். ஜோ எழுதும் கதையில் கதாநாயகிக்குக் கல்யாணம் வேண்டும் என்று பதிப்பாளர் பேரம் பேசுகிறார்!

ஆகவே மாமியார்-மருமகள் வழக்குக்கு என் தீர்ப்பு இதுதான். "அவள் அப்படிச் செய்யமாட்டாள்" என்று சொல்லுமுன், "அவள் அப்படிச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை" என்பதைத் தனியே பிரித்து வைத்துவிடுங்கள். லாரிக்காகக் கடிதம் எழுதிய பெண்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள். பிரித்த பிறகும் சந்தேகம் மிஞ்சினால், அப்போது ஆசிரியரைக் கூண்டில் ஏற்றலாம். தொலைக்காட்சித் தொடரில் வெள்ளிக்கிழமை திருந்தி, திங்கட்கிழமை மறுபடி பாலில் விஷம் கலக்குகிற மாமியாருக்காக வாதாட நான் வரமாட்டேன்.

கதைக்கு வெளியிலும் இந்தப் பழக்கம் உதவும். "எங்கள் பெண் இப்படிச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை" என்று சொல்லாத வீடு உண்டா? மேலே படிக்க வேண்டும் என்று அவள் நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். வந்த வரனை வேண்டாம் என்ற அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் காது கேட்டிருக்கும். முந்தைய அத்தியாயங்களை நாம்தான் படிக்காமல் விட்டிருக்கிறோம்.

அடுத்த வாரக் கதையில் கதாநாயகி திடீரென்று ஏதாவது செய்துவைத்தால், ஆசிரியருக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுக்குமுன், பரணில் கட்டி வைத்திருக்கும் பழைய இதழ்களை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். அவள் எங்கேயாவது சொல்லி வைத்திருக்கிறாளா என்று தேடுங்கள். எங்கேயும் சொல்லவில்லையென்றால் தாராளமாகக் கடிதம் எழுதுங்கள். கொஞ்சம் காரமாகவே எழுதுங்கள்!