வால் முளைத்த பூஜ்யம்

பி.காம். படிக்கும்போது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வாத்தியார் ஒருநாள் போர்டில் பூஜ்யம் போட்டு, அதன் உச்சியில் வலது பக்கமாக ஒரு வாலை இழுத்துவிட்டார். 'சிக்மா' என்றார். கிரேக்க எழுத்து. கடைசி பெஞ்சில் எங்களுக்கு மாட்னி ஷோ கவலை. ஆகவே அதன் அருமை ரொம்ப லேட்டாகத்தான் புரிந்தது. (பெரிய சிக்மா வேறே, கூட்டல் குறியாக 1755-ல் ஆய்லர் பிடித்துப்போட்டது. நான் சொல்வது சின்னவன். 1894-ல் கார்ல் பியர்சன் வேலைக்கு வைத்தது.)

சராசரியை நம்பி ஏமாந்தவர்களுக்காகவே ஏற்பட்டவன் இவன். உங்கள் ஸ்டாப்பில் இரண்டு பஸ். ஒன்று, மூன்று நாளில் 9, 10, 11 நிமிஷம் காக்க வைக்கிறது. இன்னொன்று இரண்டு நாள் நீங்கள் போனதுமே வந்து நிற்கிறது; மூன்றாம் நாள் 30 நிமிஷம். இரண்டுக்கும் சராசரி 10தான் சார்! மானேஜரிடம் திட்டு வாங்கித் தருவது எது? முதல் பஸ்ஸுக்கு சிக்மா 0.8, அடுத்ததுக்கு 14. சராசரியை விட்டு எவ்வளவு தூரம் அலைகிறது என்பதற்கு அளவு, அவ்வளவுதான்.

அணுத்துகள் விஞ்ஞானிகள் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். அதாவது அங்கே ஒன்றுமே இல்லாமல், வெறும் தற்செயலாக அப்படித் தெரிய வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று. 2012 ஜூலை 4-ல் ஜெனீவா பக்கத்தில் செர்ன் கூடத்தில் ஹிக்ஸ் சமாசாரத்தை அறிவித்தது இந்தக் கோட்டைத் தொட்ட பிறகுதான்.

ஆனால் அதற்கு முந்தின செப்டம்பரில் ஒரு கூத்து. செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் பயணம் செய்து இத்தாலிக்குப் போன நியூட்ரினோக்கள், ஒளியை முந்திக்கொண்டு 60 நானோ செகண்ட் சீக்கிரம் வந்துவிட்டதாக ஓபரா குழு சொன்னது. 6 சிக்மா! ஐன்ஸ்டீன் காலியா என்று உலகமே பரபரத்தது. சில மாசத்தில் விஷயம் தெரிந்தது. ஒரு ஃபைபர் கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை. லூஸ் கனெக்‌ஷன்! 'தற்செயலா இருக்குமோ?' என்ற கேள்விக்குத்தான் சிக்மா பதில் சொல்லும். 'ஒழுங்கா சொருகினியாப்பா?' என்று கேட்க அதற்குத் தெரியாது.

நம்ம பணக்கணக்கு ஆசாமிகள் இன்னும் மோசம். 2007 ஆகஸ்டில் மார்க்கெட் சரிந்தபோது, கோல்ட்மேன் சாக்ஸின் நிதித் தலைவர் டேவிட் வினியர், தொடர்ந்து சில நாட்களாக 25 சிக்மா ஆட்டம் என்றார். கணக்குப்படி அப்படி ஒரு நாள் வர பிரபஞ்சத்தின் வயசே போதாது. இவருக்கு வரிசையாக வந்ததாம்! பாவம், கணக்கில் தப்பு என்று மட்டும் சொல்ல மனசு வரவில்லை.

அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பரீட்சையில் எனக்கு 41. வகுப்புச் சராசரி 55, சிக்மா 14. 'ஒரே ஒரு சிக்மாதாம்பா தள்ளியிருக்கேன்' என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அப்போது தோணாமல் போச்சு.