சேர்ப்பதைவிட நீக்குவதே பெரிய வேலை

ஸ்காபரோவின் ரூஜ் பகுதித் தமிழ் வீடுகளில் பழைய கலியாண வீடியோக்கள் விசிடித் தட்டுகளாக இன்னும் அலுமாரிகளில் கிடக்கின்றன. தட்டைக் கணினியில் போட்டால் உள்ளே இருப்பது ஒரு ‘டாட்’ கோப்பு. அதை எதில் திறப்பது என்று அம்மம்மாவுக்குத் தெரியாது. இந்தியாவில் வாங்கிய படத் தட்டு என்றால் சிக்கல் வேறு: இந்தியா ஐந்தாவது டிவிடி வலயம், கனடா முதலாவது; ஒரு வலயத்துத் தட்டு மற்றதன் கருவியில் ஓடாமல் போகலாம். பேரப்பிள்ளை கூகுளில் தேடி, மேலே வந்த இணைப்பை அழுத்தி, ஏதோ ஒரு பிளேயரை இறக்கிவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இறக்கியது அதிகாரபூர்வமற்ற பில்ட் (மூலநிரலிலிருந்து கட்டிய, ஓடத் தயாரான வடிவம்) என்பதற்காக அதைக் குறைசொல்ல முடியாது. வீடியோக்களைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் குழு தன் மூலநிரலை மட்டுமே வெளியிடுகிறது. விண்டோஸில் ஓடும் வடிவத்தை வெளியே இருக்கும் தன்னார்வலர்கள்தான் கட்டித் தருகிறார்கள். எம்பிவி பிளேயரின் விண்டோஸ் பயனர்களும் நெடுங்காலம் அப்படிப்பட்டவர்களையே நம்பியிருந்தார்கள். 1996இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்த விஎல்சி பிளேயர், 2001இல் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. அந்த உரிமம் யாரும் நிரலை எடுத்துக் கட்டி விநியோகிக்க இடம் தருகிறது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதைக் கட்டியவர் யார், இன்றைக்கும் அவர்தான் தருகிறாரா?

அதைச் சொல்லும் ஒரு பில்ட் பட்டியல் தமிழில் வேண்டும். ஆனால் இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் சேர்ப்பதில் காட்டும் உற்சாகத்தை நீக்குவதில் காட்டுவதில்லை.

ஸெரனோ என்ற தளம் பல ஆண்டுகள் எஃப்எஃப்எம்பெக்கின் விண்டோஸ் பில்டுகளை வழங்கியது. எத்தனையோ செய்முறைக் குறிப்புகள் வாசகரை அங்கேதான் அனுப்பின. 2020 செப்டம்பரில் அது மூடப்பட்டது. குறிப்புகளில் இணைப்பு மட்டும் எஞ்சியது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பயனர்களது அனுபவம் இதைவிட மோசம். டெபியன்-மல்டிமீடியா என்ற அதிகாரபூர்வமற்ற களஞ்சியம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. கைவிடப்பட்ட பழைய முகவரி காலாவதியாகி, முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போனது. அந்த முகவரியை உடனே நீக்கும்படி 2013 ஜூனில் டெபியன் திட்டமே எச்சரிக்க வேண்டியிருந்தது. பழைய முகவரியை அழிக்காமல் விட்ட ஒவ்வொரு கணினியும் அந்நியர் ஒருவரிடம் போய் மென்பொருள் கேட்டுக்கொண்டிருந்தது.

அதிகாரபூர்வ வழியும் எல்லா நேரமும் காப்பாற்றிவிடாது. 2017 மே மாதத் தொடக்கத்தில் ஹேண்ட்பிரேக் வீடியோ மென்பொருளின் கண்ணாடி வழங்கி (கோப்புகளின் நகலைத் தரும் கணினி) ஒன்றில் புகுந்தவர்கள், மேக் கணினிகளுக்கான கோப்பை எடுத்துவிட்டு ‘புரோட்டான்’ என்ற தீநிரல் கலந்த கோப்பை வைத்தார்கள். சில நாள்கள் அது அங்கேயே இருந்தது. பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணை, வெளியிட்டவர் தந்த எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். விண்டோஸில் ஒரே கட்டளையில் கிடைக்கும் எண் அது.

2022இல் இந்தியாவில் விஎல்சி தளம் மாதக்கணக்கில் தடைபட்டு நவம்பரில்தான் திறந்தது. அதிகாரபூர்வக் கதவு மூடினால் மக்கள் வேறு கதவைத் தட்டத்தான் செய்வார்கள். நம்பத்தக்க பட்டியல் அப்போதுதான் அதிகம் தேவைப்படும்.

ரூஜ், மால்வேர்ன் பக்கம் கணினி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும் அருகிலேயே இருக்கிறது. அவர்கள் இதைத் தொடங்கலாம். நூறு பெயர்கள் வேண்டாம், பத்துப் போதும். ஒவ்வொன்றுக்கும் கட்டியவர், மூலநிரலின் பதிப்பு, ஷா-256 எண், கடைசியாகச் சோதித்த தேதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மூன்று மாதமாக யாரும் சோதிக்காத வரியைத் தயவுதாட்சண்யமின்றி எடுத்துவிட வேண்டும். பட்டியலின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. அவர் வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் பட்டியல் நிற்க வேண்டும். இளையோர் நிரலைப் பார்த்துக்கொள்ளட்டும். பழைய தட்டுகள் வைத்திருக்கும் பெரியவர்கள், எந்தத் தட்டு எந்தப் பிளேயரில் ஓடியது, எது ஓடவில்லை என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.