பிள்ளையார் குரங்காகவே முடியட்டும்!

"டாக்டருங்க, பையன் பென்சிலைக் கண்டாலே ஓடறானுங்க. அஞ்சு நிமிசம் எழுதினா கை வலிக்குதுங்கறான். தேய்க்கறதுக்கு ஏதாச்சும் நல்ல தைலமாக் குடுங்க!"

மல்லசமுத்திரத்தில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு தாய் இப்படித்தான் ஆரம்பித்தார். பையனுக்கு நாலரை வயது. கணவர் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். 'இந்த வயசுல வேன்ல அடைச்சு அனுப்ப மனசு வரலை, யு.கே.ஜி. வரைக்கும் வீட்டுலேயே சொல்லிக் குடுத்துக்கலாம்' என்று முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் நடந்தது என்ன? காலையில் இரண்டு மணி நேரம் 'அ, ஆ'. சாயங்காலம் 'ஏ, பி, சி, டி'. நடுவில் 'டிராயிங் கிளாஸ்' என்று கடையில் வாங்கிய கலர் அடிக்கும் புத்தகம். கோட்டுக்கு வெளியே கலர் போனால் ஓர் அதட்டல்!

பையன் கையைப் பிடித்துப் பார்த்தேன். வீக்கம் இல்லை, மூட்டில் குறையில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏன் அம்மிணி, தம்பி சோத்தைத் தானே பிசைஞ்சு சாப்பிடுவானா?"

"எங்கீங்க... மேலெல்லாம் சிந்திக்குவான். நாந்தானுங்க ஊட்டி விடறேன். அதுவும் செல்லைக் கையில குடுத்தாத்தான் வாயைத் தொறக்கறான்."

வியாதி பிடிபட்டுவிட்டது! சோறு பிசையாத கை, மண் அளையாத கை. அதில் கொண்டுபோய் பென்சிலைத் திணித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் கொடுக்கவில்லை. "ஒரு மாசத்துக்குப் பென்சிலை எடுத்து அலமாரி மேல வையுங்க" என்றேன். அந்த அம்மாவுக்கு என் மேல் நம்பிக்கையே போய்விட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்குள்ளும் ஒரு பண்ணையா?

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், நம் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. மழலை வகுப்புகளுக்கு 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. அந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமானது. ஒவ்வொரு தாயும் டீச்சர் ஆனார். அதில் பழகியவர்களில் சிலர், 'ஒண்ணாம் வகுப்பு வரைக்கும் நாமே பார்த்துக்கலாமே' என்று இன்றைக்கும் யோசிக்கிறார்கள்.

யோசிக்கட்டும். ஆறு வயதுக்கு மேல் என்றால் கல்வி உரிமைச் சட்டம், சான்றிதழ் என்று பல விஷயங்கள் இருக்கின்றன. அவை வேறு. நான் பேசுவது மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தையைப் பற்றி.

எங்கள் நாமக்கல் மாவட்டம் முட்டைக்கும் கோழிப்பண்ணைக்கும் பேர் போனது. மார்க் எடுக்க வைக்கும் விடுதிப் பள்ளிகளுக்கும்தான்! 'பிராய்லர் பள்ளிக்கூடம்' என்று ஜனங்களே கேலி பேசுவார்கள். அதற்குப் பயந்து குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள், அதே கூண்டை வீட்டுக் கூடத்தில் கட்டிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். டைம்டேபிள், ஹோம்வொர்க், கலர் புத்தகம், 'கிராஃப்ட் கிட்'... போதாதா?

கட்டி முடியாத கை

நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அத்தனையும் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக இறுகும். நான்கு வயதுக் குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் ஏறக்குறைய பாதி எலும்புகள்தான் படத்தில் தெரியும். எட்டாவது எலும்பு தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வயது ஆகும். விரல்களை ஆட்டும் தசைகளும் அப்படித்தான், மெல்ல மெல்லத்தான் பழகும். கட்டி முடியாத வீட்டில் குடித்தனம் வைக்க அவசரப்படலாமா?

பிசைவது, உருட்டுவது, கிழிப்பது, கிள்ளுவது, ஒட்டுவது - இவைதான் அந்தக் கைக்கு ஏற்ற தேகப்பயிற்சி. நம் பெரியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதல் நோட்டு மணல். முதல் பேனா விரல். சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் விடுதியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அசந்துபோய், அதையே தம் விடுதியிலும் ஆரம்பித்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நாம் கப்பலேற்றி அனுப்பிய மணலை, இன்றைக்கு 'சென்சரி கிட்' என்ற பெயரில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

என் மருந்துச் சீட்டு

அந்தத் தாய்க்கு எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நிபந்தனை ஒன்றுதான்: உங்களுக்கு ஏற்பாடு செய்ய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஏனென்றால் அரை மணி நேரம் பாடுபட்டு ஏற்பாடு செய்தால், குழந்தை இரண்டே நிமிடத்தில் எழுந்து ஓடும்போது உங்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

சப்பாத்தி மாவு: நீங்கள் பிசையும்போது ஓர் எலுமிச்சை அளவு கிள்ளிக் கொடுத்து விடுங்கள். பாம்பு, உருண்டை, தோசை எதுவானாலும் சரி. உங்கள் வேலையும் நடக்கும்.

மஞ்சள் பிள்ளையார்: வெள்ளிக்கிழமை பூஜைக்கு நீங்கள் பிடிப்பதுதானே, பக்கத்திலேயே ஒன்று குழந்தையும் பிடிக்கட்டும். கவனித்துப் பாருங்கள்... கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்துதான் பிள்ளையார் பிடிக்கும். பென்சில் பிடிப்பதும் அதே மூன்று விரல்கள்தான்!

வெண்டைக்காய் அச்சு: காம்புப் பக்கத்தை வெட்டி, பீட்ரூட் சாற்றில் தொட்டு, பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் வைத்தால் நட்சத்திரம். வாழைத்தண்டுத் துண்டு என்றால் வட்டம். வேப்பிலை, பூவரசு இலை என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

மஞ்சள் வித்தை: காகிதத்தில் மஞ்சள் தண்ணீரைப் பூசிக் காய வையுங்கள். துணி சோப்பைக் கரைத்த தண்ணீரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் குழந்தை அதில் கோடு போடட்டும். கோடு சிவப்பாகும்! அதன் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் திரும்பவும் மஞ்சள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் சிவப்பது இதே சூட்சுமம்தான். என் வைத்தியசாலையில் பெரியவர்களே வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

கிழங்கு மாவுப் பசை: சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கா பஞ்சம்? மரவள்ளி மாவு இரண்டு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சினால் கண்ணாடி மாதிரிப் பசை வரும். ஆறிய பிறகு விரலாலேயே தடவி, கிழித்த காகிதம், காய்ந்த இலை, பஞ்சு, தறிப் பட்டறையில் கிடைக்கும் கழிவு நூல் என்று எதையும் ஒட்டலாம். பருத்தி ஏலம் நடக்கிற ஊரில் பஞ்சுக்கு என்ன குறை? நூலை மட்டும் ஒரு சாண் துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். நீள நூல் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

முட்டை ஓடு: ஐந்து வயதுக்கு மேல் போதும். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்து, காய வைத்துக் கொடுங்கள். நொறுக்கி ஒட்டினால் கோயில் தரைக் கல் பதித்தது போல் இருக்கும். பச்சை முட்டையின் ஓட்டை அப்படியே கொடுக்காதீர்கள், கிருமி இருக்கும்.

வாசல் கோலம்: ஒரு கைப்பிடி மாவு, வாசலில் அவனுக்கென்று ஒரு மூலை. ஆண் பிள்ளைக்குக் கோலமா என்று கேட்காதீர்கள். விரலுக்கு ஆண், பெண் தெரியாது.

தினம் ஒன்று. பத்து நிமிடம். போதும். பிள்ளை வீட்டில்தானே இருக்கிறான், நாள் முழுக்க ஏதாவது 'செய்ய வைக்க' வேண்டும் என்ற குற்ற உணர்ச்சி உங்களுக்கு வேண்டாம். மீதி நேரம் ஓடட்டும், தூங்கட்டும், சும்மா இருக்கட்டும். செல்போன் மட்டும் வேண்டாம். 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறையக் குறைய நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

இவற்றைத் தொடாதீர்கள்!

மூலிகை படித்தவன் என்ற உரிமையில் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'இயற்கைப் பொருள்' என்றாலே ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிற குன்றிமணி, அழகான ஆமணக்கு விதை, தங்க அரளிக் காய், ஊமத்தங்காய் - நாலும் விஷம். குன்றிமணியைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இப்படி ஏதாவது நடந்தால் கை வைத்தியம் பார்க்காதீர்கள். என்னிடமும் வராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. கண்ணில் தெறித்தால் வெந்துவிடும். தெறித்துவிட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கடலை, புளியங்கொட்டை, பாசி மணி எதையும் விளையாடக் கொடுக்காதீர்கள். மூக்குக்குள் போகும், மூச்சுக்குழலையும் அடைக்கும். வீட்டுக்கு அடித்து மிச்சமான பெயின்ட்டும் கூடாது. பழைய டப்பாவில் ஈயம் இருக்கலாம்.

நான் செய்த தப்பு

இவ்வளவு சொல்கிற நான், சொந்த வீட்டில் கோட்டை விட்டவன். என் மகளுக்கு ஐந்து வயது இருக்கும். விநாயகர் சதுர்த்தி அன்றைக்குக் களிமண்ணில் ஒரு பிள்ளையார் செய்தாள். தும்பிக்கை தொங்கிப்போய், வயிறு சப்பி, பார்க்கக் குரங்கு மாதிரிதான் இருந்தது. சாமிக்கு வைக்க வேண்டுமே என்று நான் வாங்கி, நாலு தட்டுத் தட்டி, அழகாக ஆக்கிவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் "அடடா, பாப்பா செஞ்சதா?" என்று மெச்சினார்கள்.

"இல்லை, அது அப்பா பண்ணுனது" என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் களிமண் வாங்கி வந்தபோது பக்கத்தில் வந்து உட்காரவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். குழந்தையின் கையைப் பிடித்து நீங்கள் வரையாதீர்கள். 'மாம்பழம் நீலமா இருக்குமா?' என்று கேட்காதீர்கள். 'என்ன வரைஞ்சே?' என்று அவசரப்படுத்தாமல், 'இதைப் பத்திச் சொல்லு கண்ணு' என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுங்கள். இடது கையில் செய்தால் மாற்றாதீர்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால், அந்தக் குரங்கையே பூஜை அறையில் வையுங்கள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது!

ஆனால் கவனிக்க வேண்டியதைக் கவனியுங்கள். மூன்று வயதில் வட்டம், நாலு வயதில் கூட்டல் குறி, ஐந்து வயதில் முக்கோணம் பார்த்துப் போட வருவது சாதாரணம். சில மாதம் முன்னே பின்னே ஆகலாம். ரொம்பவும் தள்ளிப்போனாலோ, ஒரு வயது முடிவதற்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்கினாலோ, குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் திரும்ப வந்தார். பையன் இன்னும் 'அ' எழுதவில்லை. ஆனால் தயிர்சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிடுகிறானாம். பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினான். தாள் பூராவும் வெண்டைக்காய் நட்சத்திரம்.

"இப்பக் கை வலி எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"அவனுக்கு ஒண்ணுமில்லீங்க. தினம் தரையைத் தொடைச்சுத் தொடைச்சு எனக்குத்தான் கை வலி. தைலம் இருந்தா எனக்குக் குடுங்க!"

அவருக்கு மட்டும் ஒரு பாட்டில் தைலம் கொடுத்து அனுப்பினேன்.