ஓரமா நிக்கிற ஸ்டெப்னி

"பழைய மெஷின் ஒண்ணு சல்லிசா வாங்கி ஓரமா நிறுத்திடுங்க. ஸ்டெப்னி மாதிரி. என்னைக்காவது கை கொடுக்கும்."

பதினைந்து வருடமாக இந்த வாக்கியம் என்னைத் துரத்துகிறது. கோவை கணபதியில், கம்ப்யூட்டர் என்கிரேவிங் மெஷினில் பேனல் லேபிள் வெட்டும் கடை எதில் நுழைந்தாலும் இதைக் கேட்கலாம். போன மாதம் ஒரு தொழில் கண்காட்சியில் மைக் கிடைத்த பெரியவர் ஒருவரும் இதையே சொன்னார். முன்வரிசை முழுக்கத் தலையாட்டியது. முன்வரிசையில் பாதிப் பேர் பழைய மெஷின் விற்பவர்கள் என்பது வேறு விஷயம்.

விலை மலிவு என்கிறார்கள். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை விற்றால் மலிவாகத்தான் இருக்கும்.

உதிரி பாகத்துக்காவது ஆகும் என்கிறார்கள். அதே கம்பெனி, அதே மாடல் என்றால் ஆகும். அப்படிக் கழற்ற ஆரம்பித்தால் அப்புறம் அது ஸ்டெப்னி இல்லை, உதிரிப் பெட்டி.

அடுத்தது, "அந்தக் காலத்து இரும்பு இப்ப வருமா?" வராது. வழவழவென்று ஓடும் பால் ஸ்க்ரூவையும், கையால் அசைத்தால் அசையாத மெஷின் பெட்டையும் பார்த்து நானும் சொக்கியிருக்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் என்கிரேவிங் மெஷினில் பேர் வெட்டுவது இரும்பா? இரும்பு, சொன்ன இடத்துக்குப் போகிறது. சொல்கிறவன் யார் என்பதுதான் கேள்வி. கட்டரும் மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரு மெஷினின் கோலெட் 4.36 மில்லிமீட்டர் தண்டுள்ள கட்டரைப் பிடிக்கும், இன்னொன்று 3.175-ஐத்தான் பிடிக்கும். கார் ஸ்டெப்னியை மாட்டப் போய் போல்ட் ஓட்டை சேரவில்லை என்றால் அதை யாராவது ஸ்டெப்னி என்பார்களா? ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸ் நாட்டில், 1900-களின் தொடக்கத்தில், காற்றுப் போன சக்கரத்தின் மேலேயே கவ்வி மாட்டுகிற ஒரு வளையத்திலிருந்து வந்தது. மாட்டினால் பொருந்தும் என்பதுதான் அதன் மொத்தப் பெருமையும்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்வதல்ல. நானும் ஒரு ஸ்டெப்னி வாங்கினேன். ஜனவரி மூன்றாவது வாரம், குடியரசு தின விளையாட்டு விழாக் கோப்பைகளுக்குப் பித்தளைத் தகடு வெட்டிக்கொண்டிருந்தபோது என் மெஷினில் கட்டரை ஏற்றி இறக்கும் மோட்டாரின் டிரைவர் கார்டு புகைந்தது. பதறவில்லை. ஓரத்தில் ஸ்டெப்னி நிற்கிறதே!

அதற்கென்று கூடவே வந்த கம்ப்யூட்டரைப் போட்டேன். தேதி 1980 ஜனவரி 1 என்றது. போர்டில் இருக்கும் காசு பேட்டரி செத்துப்போய், தனக்குள் ஹார்ட் டிஸ்க் இருப்பதையே மறந்திருந்தது. பேட்டரி மாற்றி நினைவு திரும்பியதும் சாஃப்ட்வேர் டாங்கிள் கேட்டது. பிரிண்டர் போர்ட்டில் செருகுகிற கட்டைவிரல் அளவுப் பூட்டு அது; இல்லாவிட்டால் திறக்காது. விற்றவருக்குப் போன் போட்டேன். "அது எங்கியோ இருக்குமுங்ணா, தேடிச் சொல்றேன்" என்றார். இன்னும் தேடுகிறார்.

சரி, லேப்டாப்பிலிருந்தே அனுப்பலாம் என்று யுஎஸ்பி-யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் ஒயர் வாங்கிவந்தேன். இங்கேதான் வேடிக்கை. பழைய மெஷினின் நினைவகம் சின்னது. நிரம்பியதும் "பொறு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல அதற்கென்று தனிக் கம்பி உண்டு. அந்த ஒயருக்கும் மெஷினுக்கும் நடுவே நான் கட்டிய கேபிளில் அந்தக் கம்பி இல்லை. லேப்டாப் கொட்டிக்கொண்டே இருந்தது, மெஷின் பாதியை விழுங்காமல் விட்டது. விட்டதில் ஒன்று "கட்டரைத் தூக்கு" என்ற கட்டளை. தூக்காமலே அடுத்த எழுத்துக்கு ஓடியதில் 'முதல் பரிசு' மேல் குறுக்கே ஒரு கோடு. அடித்துத் திருத்திய விடைத்தாள் மாதிரி இருந்தது.

கம்பியைச் சேர்த்தேன். இப்போது கோடு விழவில்லை, எழுத்து சுருங்கிவிட்டது. 100 மில்லிமீட்டர் அகலம் 40 மில்லிமீட்டரில் முடிந்தது. நான் அனுப்பிய ஃபைலில் ஒரு அலகு 0.025 மில்லிமீட்டர், மெஷின் அதை 0.01 என்று படித்தது. பின்பக்கம் நகத்தால் தள்ளுகிற குட்டி சுவிட்ச் ஒன்றில் இருந்தது விஷயம். கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

டாங்கிள் கிடைத்திருந்தால் மட்டும்? பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பட்டியலை யூனிகோடில் அடித்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலத்து சாஃப்ட்வேருக்கு எழுத்து வைக்க 256 அறைதான். அதற்குக் 'கொ' என்று கொடுத்தால், கொம்பு முன்னால் வர வேண்டும் என்று அது எங்கே கண்டது? கட்டம் கட்டமாகத்தான் காட்டும். கோரல் டிரா சாஃப்ட்வேரில் அடித்து, எழுத்தை வளைவுகளாக மாற்றி அனுப்பலாம்தான். ஆனால் ஒற்றைக் கோட்டில் முடிய வேண்டிய எழுத்தை அது சுற்றிச் சுற்றி இரண்டு கோடாக வெட்டும். பையன்கள் பெயரெல்லாம் நீளம் வேறு.

"அப்பப்ப ஓட்டிப் பார்த்திருந்தா இதெல்லாம் வந்திருக்காதே" என்று அந்தப் பெரியவர் சொல்லக்கூடும். யார் ஓட்டுகிறார்கள்? நான் பார்த்த ஸ்டெப்னி மெஷின்கள் மேலெல்லாம் டிபன் கேரியர்தான் இருந்தது. வருடத்தில் ஒரே நாள் அதைத் தொட்டுத் துடைப்பார்கள்: ஆயுத பூஜை. அன்றைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்களே தவிர சுவிட்ச் போட மாட்டார்கள். உள்ளே கிரீஸ் பிசினாகும், பெல்ட் விறைக்கும், கபாசிட்டர் உலரும். ஓடாத மெஷினுக்கும் வயது ஏறத்தான் செய்கிறது.

கோப்பை வேலை நாலு கடை தள்ளியிருக்கும் ஒரு தம்பியின் மெஷினில் முடிந்தது. பென் டிரைவில் ஃபைலைக் கொண்டுபோனேன், வெட்டுக்கூலி கொடுத்தேன், ஒரு ராத்திரி. அவர் மெஷின் நின்றால் என்னிடம் வருவார். என் மெஷினுக்கு இப்போது டிரைவர் கார்டு ஒன்றும் பெல்ட் ஒன்றும் கூடுதலாக அலமாரியில் இருக்கின்றன.

ஸ்டெப்னியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் பால் ஸ்க்ரூவை உருட்டிப் பார்த்துவிட்டு, "பேக்கப்புக்குத்தானுங்க, ஓரமா நிக்கட்டும்" என்றார். வண்டியில் ஏற்றியபின் டாங்கிள் இருக்கிறதா என்று கேட்டார்.

எங்கியோ இருக்குமுங்க, தேடிச் சொல்றேன் என்றேன்.