சோறு மட்டும் போதுமா?

திருவிடைமருதூர் என்றவுடன் நம் மக்களுக்கு ஞாபகத்திற்கு வருவது, கோயிலுக்குள் ஒரு வாசலால் நுழைந்து வேறு வாசலால் வெளியேறினால் பிரம்மஹத்தி தோஷம் போய்விடும் என்கின்ற கதையேயாகும். ஆனால், அதே தாலுகாவில் ஆடுதுறையில் 1922-ம் வருஷம் முதல் நெல் ஆராய்ச்சி நடந்து வருவதையும், அங்கு உளுந்து ரகங்களும் உண்டாக்கப்பட்டிருப்பதையும் எத்தனை பேர் நினைக்கிறார்கள்? தோஷத்தைவிட ஆகாரமே மனிதனுக்கு முக்கியமானதால் அதைப்பற்றிச் சிறிது பேசுவோம்.

நமது தசை, தோல், மயிர் ஆகியவற்றிற்கெல்லாம் ஆதாரமாயிருப்பது புரதம். புரதமென்பது 20 விதமான அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டதேயாகும். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கரி அணு உண்டு. அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் சேர்ந்த அமினோப் பகுதி, மறுபக்கம் அமிலப் பகுதி, மூன்றாவது ஹைட்ரஜன், நான்காவதாக ஒட்டியிருப்பதுதான் ஒன்றுக்கொன்று மாறுபடும். ஒன்றின் அமிலப் பகுதி அடுத்ததின் அமினோப் பகுதியோடு சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறி முடிச்சு விழுகின்றது. நாம் சாப்பிட்ட பிறகு வயிற்றிலும் குடலிலும் தண்ணீர் திரும்பச் சேர்ந்து அம்முடிச்சு அவிழ்கின்றது.

ஆகவே பருப்பானாலும் சரி, மீனானாலும் சரி, பிரிந்த பிறகு எல்லாம் அதே அமினோ அமிலங்களே. சாத்வீகம், தாமசம் என்கின்ற பேச்சு குடலுக்குத் தெரியாது. 1920-களிலிருந்து பல பத்தாண்டுகள் நீரிழிவுக்காரர்களுக்கு மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த இன்சுலின் ஊசி போடப்பட்டு வந்தது. மனிதனுடைய இன்சுலினிலுள்ள 51 அமினோ அமிலங்களில் பன்றியுடையது ஒரே இடத்திலும், மாட்டினுடையது மூன்றே இடங்களிலுந்தான் வேறுபடுகின்றது. ஆசாரக்காரர் உடம்பிலும் அது வேலை செய்ததேயொழிய ஜாதி கேட்கவில்லை.

நிற்க, இந்த 20-ல் 9 அமிலங்களை நம் உடம்பு செய்துகொள்ள முடியாது. ஆகாரத்தின் மூலமே வரவேண்டும். அச்சுக்கூடத்தில் ஓரெழுத்துக் குறைந்தாலும் பக்கம் நின்றுபோவதுபோல், ஒன்று குறைந்தாலும் புரதம் கோப்பது தடைப்படும். 100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதமே உண்டு. அதிலும் லைசின் குறைவு. உளுந்தில் சுமார் 24 கிராம் புரதம். லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். இட்லியின் பெருமை இதுதான்.

காவேரிப் பாசனத்தில் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிறார்கள். நெல்லும் பருப்பும் ஒரே மண்ணில், ஒரே கைகளால் விளைகின்றன. ஆனால் நாற்று நட்டு, களை பறித்து, கதிரறுத்த தாயின் குழந்தை தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் பருப்பு எவ்வளவு விழுகின்றது என்பதே நமது கேள்வி. வயிறு நிறைந்தும் வளராத பிள்ளையைப் பார்த்து, "தலைவிதி" என்பதும், தாயத்துக் கட்டுவதும் அறிவுடைமையாகுமா? எந்த வாசலால் புகுந்து எந்த வாசலால் வந்தாலும் லைசின் குறை நீங்காதே!

1982-ல் ஏற்பட்ட சத்துணவுத் திட்டத்தில் இன்று பருப்பும் முட்டையும் சேர்ந்திருக்கின்றன. முட்டையில் அந்த 9 அமிலங்களும் போதுமான அளவில் உண்டு. பிறர் பிள்ளையின் முட்டைக்கு ஆட்சேபம் சொல்லுகிற சைவர்கள், தம் பிள்ளைக்கு நெய்யும் தயிரும் பருப்பும் குறையாமலிருப்பதை மறந்துவிடுகிறார்கள். சாப்பிட விரும்பாதவர் சாப்பிட வேண்டாம்; பயறு தின்னட்டும். ஆனால் உழைப்பவன் பிள்ளைக்குச் சோறு மட்டும் போதுமென்று தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்று கேட்கின்றோம்.